கால் முறிந்து வந்த பீரோ

கே: பழைய மரச்சாமான் கடையில் வாங்கிய தேக்கு பீரோ, கடைக்காரர் கூலி வாங்கிக்கொண்டு அனுப்பிய வண்டியில் கால் முறிந்து வந்தது. அவரும் வண்டிக்காரரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போடுகிறார்கள். யாரைக் கேட்பது? (வாசகி, மதுரை)

ப: கடைக்காரரையே கேளுங்கள், அம்மா, வீடு சேர்ப்பதாகக் கூலி பெற்றவர் அவராதலால், வழியில் நேர்ந்த சேதத்துக்கும் அவரே உத்தரவாதி. முறிவைப் பசையிட்டு ஒட்டிவிடாமல், நல்ல வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்து வையுங்கள்: புதிய முறிவாயின் உள்மரம் பளிச்சென்றிருக்கும், பிளவுக்குள் தூசியும் மெருகெண்ணெயும் படிந்து கறுத்திருந்தால், பழுதை மறைத்து விற்ற தோஷமும் அவரைச் சேரும். படத்தையும் ரசீதின் நகலையும் இணைத்து, பழுதுபார்க்கும் செலவைக் கோரிப் பதிவுத்தபால் அனுப்பியும் அவர் மௌனம் சாதித்தால், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், வக்கீல் இன்றியே, மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணமும் கிடையாது.