கூரைமழை நீரைச் சேமித்தல்

பதுளைப் பகுதியில் ஐப்பசி முதல் தை வரை மழை மிகுதி. ஆனி முதல் ஆவணி வரை வரட்சி. அக்காலத்தில் பள்ளத்து ஊற்றுகள் சுருங்கும். குடமேந்தி மேடேறும் பெண்களின் உழைப்பு இரட்டிக்கும், வீட்டுத்தோட்டமும் வாடும்.

இக்குறை நீங்க, 1995ஆம் ஆண்டில் சமூக நீர்வழங்கல், சுகாதாரத் திட்டத்தின்கீழ் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் 5,000 லீற்றர் கொள்ளும் மழைநீர்த் தாங்கிகள் அறிமுகமாயின. நிலத்தடியிற் செங்கல்லாலும், நிலத்தின்மேற் கம்பிவலையும் சீமெந்தும் கொண்டும் அவை கட்டப்பட்டன.

கணக்கு: 50 சதுர மீற்றர் தகரக் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால், சேதம் போக ஏறக்குறைய 40 லீற்றர் கிடைக்கும். எனவே 125 மில்லிமீற்றர் மழை தாங்கியை நிரப்பும். சித்திரை மழையில் நிரம்பிய தாங்கியிலிருந்து நாளொன்றுக்கு 50 லீற்றர் எடுப்பின் 100 நாட்களுக்குப் போதும். 150 லீற்றர் எடுப்பின் 33 நாட்களில் வற்றிவிடும்.

கவனிக்க வேண்டியவை:

1. கூரையையும் பீலியையும் மழைக்கு முன் துப்புரவு செய்க.
2. முதல் மழைநீரைத் தாங்கியினுட் செல்லவிடாது வெளியேற்றுக.
3. வெயிலும் நுளம்பும் புகாதபடி மூடியும் வலையும் இடுக.
4. குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பருகுக.

தாங்கி நீரை நேரே பயிருக்கு இறைத்தல் தகாது. அரிசி, காய்கறி கழுவிய நீரையே கத்தரி, மிளகாய், போஞ்சி ஆகியவற்றின் அடியில் ஊற்றி, உலர்ந்த புல்லால் மூடுக. இவ்வாறு ஒரே நீர் இருமுறை பயன்படும். வரட்சியிலும் கறிக்குக் காய் கிடைக்கும்.