மதிப்புரைக்குப் புத்தகம் அனுப்பும் முன்

கிடைத்த முகவரிக்கெல்லாம் பிரதி அனுப்புவதைவிட, உங்கள் நூலின் துறையில் ஏற்கெனவே மதிப்புரை எழுதிய நான்கைந்து பேரைத் தேர்ந்தெடுப்பதே பலன் தரும். காலச்சுவடு, உயிர்மை போன்ற இதழ்களின் பழைய மதிப்புரைகளைப் படித்தால் யாருக்கு எதில் ஈடுபாடு என்பது தெரிந்துவிடும். சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி நூல்கள் குவியும்; அந்த நெரிசலில் உங்கள் பார்சல் பிரிக்கப்படாமலே கிடக்கலாம். மார்ச்சுக்குப் பிறகு, சம்மதம் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

தெரிந்தவர் எழுதினால் பாராட்டு உறுதி என்பார்கள். உறுதிதான், ஆனால் குறையே சொல்லாத மதிப்புரையை வாசகர் நம்புவதில்லை. 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ் கறாரான விமர்சனத்துக்கு இடம் தந்தது. ஆகவே எழுதியதை முன்கூட்டியே காட்டச் சொல்லாதீர்கள். நினைவூட்டல் ஒருமுறை போதும். தகவல் பிழை இருந்தால் மட்டும் இதழாசிரியருக்கு எழுதுங்கள்.