சிப் சொல்லும் கணக்கு சரிதானா?

டிஜிட்டல் லேபில் 7483 ஐ.சி.யை வைத்து 4 பிட் ஆடர் எல்லோரும் செய்திருப்பீர்கள். நானும் செய்தேன். 8 ரீடிங், எட்டும் சரி, ரெகார்டிலும் எழுதியாச்சு. வைவாவில் "கேரி-இன்னை 1 ஆக்கிக் காட்டுப்பா" என்றார்கள். அவுட்புட் அசையவே இல்லை! அந்த ஒயரை ஸ்விட்சுக்குக் கொடுக்காமல் கிரவுண்டிலேயே விட்டிருந்தேன். இந்த ஐ.சி.க்கு 9 இன்புட். அப்படின்னா 512 சேர்க்கைகள். நான் பார்த்தது வெறும் 8.

1994-ல் இன்டெல் கம்பெனிக்கும் ஏறக்குறைய இதே கதிதான். அமெரிக்காவில் லிஞ்ச்பர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களை வைத்து ஒரு நீண்ட கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பென்டியம் கம்ப்யூட்டரின் விடை மட்டும் இடித்தது. 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும். பென்டியம் கொடுத்தது 1.33374!

காரணம் என்ன? நாம் நீள்வகுத்தலில் "எத்தனை தடவை போகும்?" என்று ஊகிக்கிறோம் அல்லவா, அந்த ஊகத்தைப் பென்டியம் ஓர் அட்டவணையைப் பார்த்துச் செய்தது. அட்டவணையில் 2 இருக்க வேண்டிய சில இடங்களில் 0 இருந்துவிட்டது. விடையைக் கெடுத்தவை 5 இடங்கள்தான். இன்டெல் இதற்காக ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

டெஸ்ட் பண்ணாமலா விட்டார்கள்? பண்ணினார்கள். ஆனால் இரண்டு 32 பிட் எண்கள் என்றாலே 2-இன் அடுக்கு 64 சேர்க்கைகள். வினாடிக்கு 100 கோடி வீதம் பார்த்தாலும் 584 வருஷம் ஆகும்!

இங்கேதான் முறைசார் சரிபார்ப்பு வருகிறது. எண்களைப் போட்டுப் பார்க்காமல், அல்ஜீப்ராவில் போல எழுத்துகளாகவே வைத்து, "இந்த சர்க்யூட் தப்பாகும் ஒரு இன்புட்டாவது உண்டா?" என்று மென்பொருளைக் கேட்கிறோம். உண்டு என்றால் அந்த இன்புட்டையே எடுத்துக் கையில் கொடுக்கும். இல்லை என்றால் அது நிரூபணம். பென்டியம் விவகாரத்துக்குப் பிறகு ஏ.எம்.டி. கம்பெனி தன் கே5 ப்ராசசரின் வகுத்தல் முறையை இப்படி நிரூபித்துக்கொண்டது. ஏ.சி.எல்.2 என்ற மென்பொருளைக் கொண்டு அதைச் செய்தவர்களில் ஜே மூர், மேட் காஃப்மன் இருவரும் அதன் ஆசிரியர்களே.

சரி, சர்க்யூட் சரி. சர்க்யூட்டுக்கு ஆதாரமான விதிப்புத்தகமே தப்பாக இருந்தால்? பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-ல் தொடங்கிய ரிஸ்க்-வி, யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்து ப்ராசசர் செய்யக்கூடிய கட்டளைத் தொகுதி. 2017-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் மார்டனோசியின் குழு அதன் மெமரி விதிகளை 1701 சின்னச் சின்ன புரோகிராம்களால் சோதித்தது. வரவே கூடாத விடைகளை 144 இடங்களில் அந்த விதிகள் அனுமதித்தன. ஒரு ப்ராசசர் முதலில் டேட்டாவையும் பிறகு "ரெடி" என்ற கொடியையும் எழுதுகிறது. இன்னொன்று கொடியைப் புதிதாகவும் டேட்டாவைப் பழையதாகவும் படித்துவிட்டால் என்ன ஆகும்? அந்த மாதிரித் தப்புகள். பிறகு அந்த விதிகளைத் திருத்தி எழுதினார்கள். புத்தகம் ஒரு கம்பெனியின் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்திருந்தால் பிரின்ஸ்டன் மாணவர்கள் எங்கே போய்ப் பார்த்திருப்பார்கள்?

நம்ம சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' ப்ராசசரும் ரிஸ்க்-விதான். பேராசிரியர் காமகோடி குழுவினர் வடிவமைத்தது. 2018-ல் அதன் ஒரு சிப் சண்டிகரில் 180 நானோமீட்டர் அளவில் தயாரானது. அதன் டிசைன் திறந்தே கிடக்கிறது, நாமும் எடுத்துப் படிக்கலாம்.

ஆனால் முதலில் 7483-லிருந்து ஆரம்பிப்பதே நல்லது. ஐகாரஸ் வெரிலாக், யோசிஸ் இரண்டும் இலவச மென்பொருள்கள்; சாதாரண கம்ப்யூட்டரே போதும். ஆடரை வெரிலாகில் எழுத பத்து வரி ஆகாது. 512 சேர்க்கையையும் லூப் போட்டு ஓட்டிப் பாருங்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு கேட்டை மாற்றி எழுதி, யோசிஸ் எந்த இன்புட்டைப் பிடித்துக் கொடுக்கிறது என்று பாருங்கள். நான் கேரி-இன் ஒயரைத்தான் வெட்டிப் பார்த்தேன். உடனே பிடித்துவிட்டது.