தண்டுவடக் காயமும் காலிப்பரும்

தென்னை மரமும் கிணறும் நம் ஆத்தூர் வட்டாரத்திற்கு வாழ்வளிப்பவை. ஆயினும், அவற்றில் தவறி விழுவோருள் சிலர் முதுகெலும்பு முறிந்து, இடுப்பிற்குக் கீழ் உணர்வும் அசைவும் இழந்துவிடுகின்றனர். அவர்கள் மீண்டும் எழுந்து நிற்க இயலுமா என்பதை இங்கு ஆராய்வோம்.

மூளையின் கட்டளையைக் கால்களுக்குக் கொண்டு செல்வது தண்டுவடம். வாய்க்கால் இடையில் அடைபட்டால் கடைமடை வயல் வறண்டுவிடுவதைப்போல, காயத்திற்குக் கீழுள்ள உறுப்புகள் செயலிழக்கின்றன. காலிப்பர் இவ்வடைப்பை நீக்குவதன்று. தளர்ந்த காலைத் தாங்கி நிற்பது மட்டுமே அதன் பணி.

கணுக்கால் மட்டும் தளர்ந்தோர்க்கு முழங்காலுக்குக் கீழ் அணியும் இலேசான பிளாஸ்டிக் கருவி போதும். முழங்காலும் தளர்ந்தோர்க்குத் தொடை வரை நீளும் காலிப்பர் வேண்டும். அதிலுள்ள பூட்டு, நிற்கும்போது முழங்கால் மடங்காமல் காக்கும். அமரும்போது அதைத் திறந்துகொள்ளலாம். இதனை அணிந்தோர் ஊன்றுகோல்களை ஊன்றி, கைவலிமையால் உடலை முன்செலுத்தி நடப்பர். இவ்வாறு நடப்பது மிகுந்த களைப்பைத் தரும். எனவே, வீட்டினுள் காலிப்பரும் வெளியே சக்கர நாற்காலியும் கொள்வது பலருக்குப் பொருந்தும்.

சக்கர நாற்காலியைத் தோல்வியின் சின்னமாகக் கருதலாகாது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் தண்டுவடக் காயமுற்றார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளர்க்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் அமையக் காரணமாயிருந்தார்.

விழாவில் வழங்கப்பட்டுப் பின்னர் சுவரில் தொங்கும் காலிப்பர்களை நாம் கண்டிருக்கிறோம். அளவெடுக்காமலும் பயிற்சியளிக்காமலும் கொடுத்ததன் விளைவே அது. ஆகவே, ஊராட்சி உறுப்பினர்கள் பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்வார்களாக:

1. விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்தலும் தோளில் சுமத்தலும் கூடா. 108 ஊர்தியை அழைத்து, அது வரும்வரை தலையும் கழுத்தும் முதுகும் நேராக அசையாதிருக்கச் செய்க.

2. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெறவும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கருவிக்கு விண்ணப்பிக்கவும் துணை நிற்க.

3. அவரவர் காலுக்கு அளவெடுத்த காலிப்பரையே அணிவிக்க. பிறருடையதை அணிந்தால் புண் உண்டாகும்; உணர்வின்மையால் வலி தெரியாது. கழற்றியவுடன் தோலைப் பார்த்தல் வேண்டும். சிவந்த தடம் மறையாவிடில் அணிவதை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுக.

4. ஊராட்சி அலுவலகத்திற்கும் நியாயவிலைக் கடைக்கும் சாய்தளம் அமைக்க.

கருவியைக் கொடுத்த அன்றோடு நம் கடமை முடிவதில்லை. அதனை அணிந்தவர் கிராமசபைக்குத் தாமே வந்து அமரும் நாளிலேதான் அது நிறைவெய்தும்.