ஜமக்காளத்தில் படிந்த தலைச்சாயக் கறை: காரணமும் நீக்கும் முறையும்

ஜமக்காளம் தரையில் விரிப்பதற்கென்றே நெய்யப்படுவது. ஆதலின் அதன்மேல் மண் படிவதும், எண்ணெயோ காப்பியோ சிந்துவதும் இயல்பே. பெரும்பாலும் சோப்பும் நீரும் அவற்றைப் போக்கிவிடும். நரையை மறைக்க இடும் தலைச்சாயம் சிந்தினால் காரியம் அவ்வளவு எளிதன்று. அது அழுக்கன்று, சாயம். பற்றிய இடத்தை விடாதிருப்பதே அதன் தன்மை. சாயத்தொழிலும் நெசவும் பழகிய நம் அங்கத்தினர்கள் இத்தன்மையைப் பிறரைக் காட்டிலும் விரைவில் விளங்கிக்கொள்ள இயலும்.

இதனை ஒரு பாடமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தின் விற்பனை நிலையத்தில், வாடிக்கைக்காரர் ஒருவர் திருப்பிக் கொடுத்த ஜமக்காளம் வைக்கப்பட்டிருந்தது. "சாயம் நிற்கவில்லை" என்று பதிவேட்டில் எழுதி, நெய்தவர் கூலியில் பிடித்தம் செய்ய ஏற்பாடாகியிருந்தது. விரித்துப் பார்த்தபோது, ஓரிடத்தில் மட்டும் கருங்கறையும் அதனைச் சுற்றி வெளுப்பும் காணப்பட்டன. வெளுத்த இடத்து நூலை இழுத்தால் அறுந்தது. மற்ற கோடுகளின் நிறம் சிறிதும் குறையவில்லை. தலைச்சாயக் கறையைப் போக்கப் பிளீச்சிங் பவுடர் இட்டதன் விளைவு அது. அறியாமையால் வாங்கியவருக்குப் பொருள் நஷ்டம். குற்றமற்ற நெசவாளிக்கோ கூலி நஷ்டம். இவ்விரண்டையும் தவிர்ப்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

சாயம் உருவாகும் விதம்

அவுரித் தொட்டியில் முக்கிய நூல் வெளியே வரும்போது மஞ்சள் கலந்த பசுமையாக இருக்கும். காற்றுப் பட்ட பின்னரே நீலமாகும். நாப்தால் சாயத்திலும் இவ்வாறே, முதல் தொட்டியில் நிறம் தோன்றுவதில்லை. இரண்டாம் தொட்டியின் உப்புடன் கூடிய பிறகே நூலுக்குள் நிறம் பிறக்கிறது. நிலையான தலைச்சாயமும் இந்த வகையைச் சேர்ந்ததே.

அதில் பெரும்பாலும் பாரா-பினைலின்டையமின் அல்லது அதனை ஒத்த பொருள்கள் உள்ளன. இவை முதலில் நிறமற்ற, மிகச் சிறிய துகள்கள். ஹைட்ரஜன் பெராக்ஸைடு போன்ற பிராணவாயு தரும் பொருளோடு கலந்ததும் இவை மாறுதலடைந்து, ரிசார்சினால் முதலிய துணைப்பொருள்களுடன் இணைந்து, பெரிய நிறத் துகள்களாக வளர்கின்றன. சிறியனவாய் மயிருக்குள் நுழைந்தவை பெரியனவாகிவிட்டபின் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடுகின்றன. பிரெஞ்சு இரசாயன அறிஞர் யூஜீன் ஷூலேர் 1907-ஆம் ஆண்டில் செயற்கைத் தலைச்சாயத்தை வணிகத்திற்குக் கொணர்ந்த காலந்தொட்டு இத்தொழிலின் அடிப்படை இதுவே.

இம்மாறுதல் முற்றுப்பெற ஏறக்குறைய அரைமணி முதல் முக்கால்மணி நேரம் ஆகும். ஆகவே சிந்திய முதல் சில நிமிஷங்களில் ஜமக்காளத்தின் மேல் இருப்பது பெரும்பாலும் இன்னும் முற்றாத சாயம். அப்போது குளிர்ந்த நீரே பெரும்பகுதியைக் கரைத்துக் கொண்டுபோகும். ஒரு மணி நேரம் கழித்து எத்தனை விலையுயர்ந்த மருந்திட்டாலும் அவ்வளவு பயன் கிட்டாது. இப்பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டுமெனில் இதனையே கொள்க.

நூலின் வகையை அறிதல்

கறையின் மேல் எதையும் இடுமுன் விரிப்பு எந்த நூலால் ஆனது என்று அறிதல் அவசியம்.

பருத்தி: சாதாரணச் சோப்பையும் ஓரளவு காரத்தையும் தாங்கும். தலைச்சாயம் இதில் இழையிடுக்குகளில் தங்குகிறதேயன்றி, மயிரைப் பற்றுவது போல் அவ்வளவு உறுதியாகப் பற்றுவதில்லை.

ரேயான்: பவானி ஜமக்காளங்களில் ஒரு வகை செயற்கைப் பட்டு நூல் கொண்டு நெய்யப்படுகிறது. ரேயான் நனைந்தால் வலுவிழக்கும். ஈரத்தோடு தேய்த்தால் இழை பிரிந்து பளபளப்புக் கெடும்.

கம்பளி: ஆட்டின் மயிரே கம்பளி. மயிரைப் பற்றவென்று செய்த சாயம் இதனைப் பற்றுவதில் வியப்பில்லை. உத்தரப் பிரதேசத்துப் பதோகி, மிர்ஸாப்பூர்ப் பகுதிகளில் முடியும் கம்பளி விரிப்புகளில் தலைச்சாயம் சிந்தினால் ஒரு நிமிஷங்கூடத் தாமதித்தலாகாது. காரம் கம்பளியைக் கெடுக்கும். பட்டுக்கும் இது பொருந்தும்.

நைலான், பாலிபுரொப்பிலீன்: நைலான் சாயத்தை எளிதில் ஏற்கும். பாலிபுரொப்பிலீன் நீரை ஈர்ப்பதில்லை. ஆதலின் கறை பெரும்பாலும் மேலோடு நின்றுவிடும்.

ஐயமுண்டாயின் ஓரத்து நூல் ஒன்றைப் பிரித்தெடுத்துத் தனியே கொளுத்திப் பார்க்கலாம். பருத்தியும் ரேயானும் காகிதம் போல் எரிந்து மென்சாம்பலாகும். கம்பளியும் பட்டும் மயிர் கருகும் நாற்றம் தரும். செயற்கை இழைகள் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். பருத்தியையும் ரேயானையும் பிரித்தறிய, நூலை நனைத்து இழுத்துப் பார்க்க. நனைந்ததும் எளிதில் அறுவது ரேயான்.

நீக்கும் முறை

1. சாயம் கையில் படாதிருக்க ரப்பர் உறை அணிக. குழம்பாகத் திரண்டு கிடப்பதை மழுங்கிய கரண்டியின் விளிம்பால், கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்தெடுக்க. தேய்த்தல் கூடாது, தேய்த்தால் கறை பரவுவதோடு இழைக்குள்ளும் இறங்கும்.

2. வெள்ளைப் பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, ஒற்றியெடுக்க. துணி நிறம் பிடித்ததும் மாற்றுக. தரையோடு ஒட்டிய கம்பளங்களுக்கில்லாத ஒரு வசதி ஜமக்காளத்திற்கு உண்டு. அதனைத் தூக்கிப் புரட்டி, கறையின் கீழ் வெள்ளைத் துணியை மடித்து வைத்து, பின்புறத்திலிருந்து சிறுகச் சிறுக நீர் வார்த்தால் சாயம் வந்த வழியே வெளியேறும். வெந்நீர் ஆகாது, சூடு இரசாயன மாறுதலைத் துரிதப்படுத்தும்.

3. கால் லிட்டர் நீரில் மென்மையான பாத்திரச் சோப்புத் திரவம் ஒரு தேக்கரண்டியும் வெள்ளை வினிகர் ஒரு மேசைக்கரண்டியும் கலந்து, ஒற்றி வைத்துப் பத்து நிமிஷம் விட்டு, மறுபடி ஒற்றியெடுக்க. இம்முறை கம்பளிக்கும் ஏற்றது. நிறம் வருமளவும் திரும்பத் திரும்பச் செய்க.

4. இன்னும் மிஞ்சுமாயின் மருந்துக்கடை ஸ்பிரிட்டைத் துணியில் தோய்த்து ஒற்றலாம். நேரே ஊற்றுதல் வேண்டா. அருகில் அடுப்போ விளக்கோ எரிதல் கூடாது.

5. நீரால் நன்கு அலசி, ஒற்றி உலர்த்திய பின்னும் நிழல்போல் நிறம் நின்றால், 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடைச் சொட்டுச் சொட்டாக இட்டு, சற்று நேரம் விட்டு அலசுக. இது முற்றிய சாயத்தை மங்கச் செய்யும். ஆனால் ஈரமுள்ள புதுக் கறையில் இதனை இடுவது பெருந்தவறு. தலைச்சாயத்தை வளர்த்து முற்றச் செய்யும் பொருளே அதுவாகலின், கறை போவதற்குப் பதில் ஆழ்ந்து நிலைத்துவிடும்.

6. முடிவில் வெறும் நீரால் அலசி, உலர்ந்த துணியை வைத்து அழுத்தி, பின்புறம் மேலாக நிழலில் உலர்த்துக.

மேற்கூறிய ஒவ்வொன்றையும் கண்ணில் படாத மூலையில் முதலில் சோதித்துப் பார்த்த பின்னரே கறையில் இடவேண்டும். சோதனைத் துணியில் ஜமக்காளத்தின் சொந்த நிறம் ஏறினால் அம்மருந்தை அத்தோடு நிறுத்திவிடுக.

விலக்க வேண்டியவை

பிளீச்சிங் பவுடரும் அதனை ஒத்த குளோரின் திரவங்களும் கம்பளியையும் பட்டையும் அரித்துவிடும். பருத்திக் கோடுகளின் நிறத்தையும் கறையோடு சேர்த்துப் போக்கும். அவற்றை வினிகரோடு கலந்தால் குளோரின் வாயுவும், அம்மோனியாவோடு கலந்தால் வேறு நச்சு வாயுவும் எழும். பெராக்ஸைடையும் வினிகரையும்கூட ஒரே பாத்திரத்தில் கலத்தல் தகாது.

சாயப்பட்டறையில் பழகியோர்க்கு ஹைட்ரோஸ் நினைவுக்கு வரலாம். அது தலைச்சாயத்தின் நிறத்தைக் குலைக்கும் என்பது உண்மையே. ஆயினும் அருகிலுள்ள வாட் சாயத்தையும் நாப்தால் சாயத்தையும் அவ்வாறே குலைக்கும். சாயமேற்றாத வெள்ளைப் பருத்தியன்றி வேறெதிலும் அதனை இடலாகாது. வெள்ளை நூலிலும் பலமுறை அலசாவிடில், அவுரி காற்றில் நீலமாவது போல், நிறம் திரும்பத் தோன்றக்கூடும்.

மருதாணிக் குழம்பு சிந்தினாலும் முதற்செய்கைகள் இவையே. மருதாணியும் அவுரியும் இயற்கைப் பொருள்களாதலின் கறைபடுத்தா என எண்ணுதல் பிழை. கடையில் விற்கும் "கறுப்பு மருதாணி" சிலவற்றில் பாரா-பினைலின்டையமினும் கலந்திருக்கும்.

தலைச்சாயப் பொடி உட்கொண்டால் உயிருக்கே ஆபத்தானது. எஞ்சியதைக் குழந்தைகளின் கைக்கெட்டாமல் வைத்தலும், கலந்த கிண்ணத்தை உடனே கழுவுதலும் கடமையாகும்.

பழுது யாருடையது?

ஜமக்காளம் திரும்பி வந்தால் சங்க அலுவலர் மூன்று சோதனைகளைச் செய்தல் நலம். கறையற்ற கோடுகளை ஈர வெள்ளைத் துணியால் தேய்க்க. துணியில் நிறம் ஏறினால் சாயமிட்டதில் குறை. நிறம் ஏறாமல், ஓரிடத்தில் மட்டும் கருமை படிந்திருந்தால் வெளிக்கறை. ஓரிடத்தில் மட்டும் வெளுத்து நூலும் வலுவிழந்திருந்தால் கடுமருந்து பட்டது. முதல் வகையிலும் சாயமேற்றியவரே பொறுப்பாவார். சங்கம் கொடுத்த சாய நூலை வாங்கி நெய்தவரின் கூலியில் கைவைப்பது முறையன்று. மற்ற இரண்டிலும் நெசவாளிக்குப் பொறுப்பே இல்லை.

வாங்குவோருக்குச் சங்கமும் ஓர் உதவி செய்யலாம். ஒவ்வொரு ஜமக்காளத்தோடும் நான்கு வரிச் சீட்டு இணைக்கலாம்: இது எந்த நூல், கறை பட்டால் உடனே குளிர்ந்த நீரால் ஒற்றுக, தேய்க்காதீர், பிளீச்சிங் பவுடர் இடாதீர். அச்சுச் செலவு சொற்பம். திருப்பி வரும் சரக்கு குறைந்தால் சங்கத்திற்கும் நெசவாளிக்கும் அதுவே லாபம்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க

1. புதுக் கறையில் பெராக்ஸைடு இடுவது ஏன் தவறு? அவுரித் தொட்டியை உதாரணமாகக் கொண்டு விளக்குக.

2. ஒரே தலைச்சாயம் பருத்தியிலும் கம்பளியிலும் வெவ்வேறு விதமாகப் பற்றுவது ஏன்?

3. உங்கள் சங்கத்தில் கடந்த ஓராண்டில் "சாயம் நிற்கவில்லை" என்று திருப்பப்பட்ட சரக்குகள் எத்தனை? அவற்றில் எத்தனைக்குச் சோதனை செய்யப்பட்டது? எவர் கூலியில் பிடித்தம் செய்யப்பட்டது?