லேசர் வருமுன் பல்லைக் காப்போம்



பல்லின் வெளி ஓட்டுக்கு எனாமல் என்று பெயர். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். எடையில் நூற்றுக்கு 96 பங்கு கல்சியம், பொசுபேற்று சேர்ந்த உப்பு. காயம் பட்ட தோல் மறுபடி வளரும்; உடைந்து போன எனாமல் வளராது.

சூத்தை வருவது எப்படி?

வாயிலுள்ள கிருமிகள் சீனியைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலம் எனாமலின் உப்பைக் கரைக்கும். எச்சில் அதை மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் நாம் மணிக்கொரு தரம் சீனித் தேத்தண்ணி குடித்தால் எச்சிலுக்கு நேரம் ஏது?

விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

1960இல் லேசர் பிறந்தது. சில வருடங்களுக்குள் அமெரிக்காவில் ஸ்டெர்ன், சொக்னாஸ் என்ற இருவர் அதை எனாமலில் பாய்ச்சிப் பார்த்தார்கள். சூடு பட்ட எனாமல் அமிலத்தில் கரைவது குறைந்தது. எனாமலில் எளிதாகக் கரையும் காபனேற்று, சூட்டில் வெளியேறிவிடுவதே காரணம். ஆனால் சூடு மிஞ்சினால் பல்லுக்குள் இருக்கும் உயிர்ச்சதை கெட்டுப்போகும்.

இன்னொரு வழி நனோ துணிக்கை. நனோமீற்றர் என்றால் ஒரு மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. எனாமலில் உள்ள அதே வகை உப்பை நுண்ணிய துணிக்கையாக்கி, ஜப்பானில் சாங்கி நிறுவனம் 1980இலேயே பற்பசை செய்தது. எனாமலின் சிறு பள்ளங்களை அது நிரப்பும்.

நம் கையில் உள்ளது

லேசர் நம் டிஸ்பென்சரிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். புளோரைட்டுப் பற்பசை கடையிலேயே இருக்கிறது. காலையிலும், படுக்கப் போகுமுன்னும் துலக்குங்கள். நுரையைத் துப்புங்கள், நிறையத் தண்ணீர்விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதன்பின் பட்டாணி அளவு பசை போதும். கரியும் செங்கல் தூளும் எனாமலைத் தேய்த்துவிடும். சீனிப்பால் போத்தலோடு பிள்ளையைத் தூங்க வைக்காதீர்கள். பல்லில் வெள்ளைப் புள்ளி கண்டால் உடனே பல் வைத்தியரிடம் காட்டுங்கள். குழி விழுமுன் அதை நிறுத்தலாம்.

கிளிவெட்டிப் பக்கத்தார் கவனத்துக்கு

மலைநாட்டுத் தண்ணீரில் புளோரைட்டு குறைவு. உலர்வலயக் கிணறுகள் பலவற்றில் அது கூடுதல். கூடினால், பிள்ளைகளின் பல்லில் வெள்ளை, மண்ணிறக் கறை விழும். இலங்கைத் தரப்படி லீற்றருக்கு 1 மில்லிகிராமே எல்லை. கொதிக்க வைத்தாலும் புளோரைட்டு போகாது. ஆகையால் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

வீட்டில் பேசுவோம்

1. ஒரு நாளைக்கு நம் பிள்ளை எத்தனை தரம் இனிப்புத் தொடுகிறது?
2. அதில் எதை இன்றே குறைக்கலாம்?