ஹார்டு டிஸ்க் படுப்பதற்கு முன் காட்டும் அறிகுறிகள்

பேரேடும் சிட்டையும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த காலத்தில் கரையானுக்கும் மழைத் தண்ணீருக்கும் பயந்தோம். இன்று கடன் பாக்கி, சரக்கு இருப்பு, ஜி.எஸ்.டி. விவரம் அனைத்தும் கம்ப்யூட்டருக்குள் ஒரு கைக்கடக்கமான பெட்டியில் அடங்கிவிட்டன. ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காப்பாற்றி வைக்கவேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். அந்தப் பெட்டிதான் ஹார்டு டிஸ்க்.

அதன் உள்ளே வட்டத் தகடுகள் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை தகட்டைத் தொடாமல், தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில் மிதக்கிறது. கம்ப்யூட்டர் ஓடும்போது மூட்டை அடுக்குபவர் பெட்டியை இடித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மிளகாய்த் தூளும் மாவுத் தூசியும் டிஸ்க்குக்குள் போவதில்லை. ஆனால் ஃபேனை அடைத்துச் சூட்டை ஏற்றிவிடும்.

முதலில் கவனிக்கவேண்டியது சத்தம். 2012-ல் நமது மண்டியில் கம்ப்யூட்டரிலிருந்து "டக், டக்" என்று விட்டுவிட்டு ஓசை வந்தது. கணக்குப்பிள்ளை, "ஃபேன் சத்தம்தான் முதலாளி" என்றார். நாமும் சரி என்று விட்டுவிட்டோம். பத்து நாள் கழித்து டிஸ்க் எழுந்திருக்கவே இல்லை. மூன்று மாதப் பாக்கிக் கணக்கு அதோடு போயிற்று. பில் நகல்களை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறினோம். பெரும்பாலோர் தங்கள் நோட்டைப் பிரித்துக் காட்டி நேர்மையாகக் கொடுத்தார்கள். சிலர், "அதெல்லாம் அப்பவே கட்டியாச்சே அண்ணாச்சி" என்றார்கள். மறுத்துச் சொல்ல நம்மிடம் ஏடு இல்லை. அந்த "டக், டக்" முனை தடுமாறும் ஓசை. கேட்டவுடன் கம்ப்யூட்டரை நிறுத்திவிடவேண்டும். மேலும் ஓட்டினால் தகடு கீறிப்போகும்.

இரண்டாவது, மந்தம். நேற்றுவரை உடனே வந்த பில் இன்று உறைந்து நின்றால், பழுதான இடத்தை டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது என்று சந்தேகிக்கலாம். வைரஸாலும் மந்தம் வரும் என்பது உண்மைதான். ஆனால் அதோடு ஃபைல் திறக்காமல் போவது, பெயர்கள் கிறுக்கலாக மாறுவது, விண்டோஸ் தானாகவே டிஸ்க்கைச் சோதிக்கத் தொடங்குவது ஆகியவையும் சேர்ந்தால் தாமதிக்கக் கூடாது.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் 'ஸ்மார்ட்' என்ற ஏற்பாடும் உண்டு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் இலவச மென்பொருள் அதை நமக்குக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. பழுதாகி மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை மாதாமாதம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஆனால் நீலத்தை மட்டும் நம்பவேண்டாம். கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட அறிக்கையில், பழுதானவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இத்தகைய பிழைக் குறிப்பு எதையும் முன்கூட்டிக் காட்டவில்லை என்றார்கள். இப்போது வரும் எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தகடு கிடையாது. ஆகவே சத்தமும் கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

மந்தமோ பிழையோ தெரிந்தால் முதல் வேலை, கணக்கை வேறு டிஸ்க்குக்கு நகல் எடுப்பது. ரிப்பேர், ஃபார்மட் எல்லாம் பிறகுதான். "டி டிரைவில் நகல் இருக்கிறது" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். சியும் டியும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள். வீடு இடிந்தால் இரண்டும் போகும்.

நமது மண்டியில் இப்போது இரண்டு பென் டிரைவ்கள். ஒன்றில் இன்று, மற்றொன்றில் நாளை என்று மாற்றி மாற்றி நகல் எடுக்கிறோம். ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கும். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றி, யாராவது ஒரு பார்ட்டியின் பாக்கியைப் பேரேட்டோடு ஒத்துப் பார்க்கிறோம்.